ஒன்றுக்கு அறுநூற்று நாற்பது

கள்ளக்குறிச்சியில் என்னை டாக்டர் என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர், எதிர் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் நிஜ டாக்டர். இன்னொருத்தி என் மனைவி ஜெபீனா. மற்றபடி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிற சனம் முழுக்க, "டாக்டரு பாய் இருக்காரா?" என்றுதான் கேட்கும். நான் படித்தது இரண்டு வருட லேப் டிப்ளமோ. சான்றிதழைச் சுவரில் மாட்டித்தான் வைத்திருக்கிறேன், எழுத்து தெரியாத உயரத்தில்.

ரத்தம் எடுப்பது, சர்க்கரை, உப்பு, காமாலை பார்ப்பது என் வேலை. பெரிய பரிசோதனை என்றால் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவேன். அவர்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுப்பேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ரிப்போர்ட்டை நீட்டியதும் எதிரில் இருப்பவர், "இன்னா பாய் போட்டுக்கிது?" என்று முகத்தையே பார்ப்பார். அப்போது 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல மனசு வருமா? எனக்கு வந்ததில்லை.

என்னை முழுசாகக் கெடுத்தது கொரோனா காலம். அப்போது ஊரே ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க வந்தது. "உங்க உடம்புல ஆன்டிபாடி இருக்கு, தைரியமா போங்க" என்பேன். அழுதுகொண்டு வந்தவர் சிரித்துக்கொண்டு போவார். ஒரு அம்மா மறுநாள் மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து எழுத்து வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று நானே மலைத்துப்போனேன். ஆன்டிபாடி என்றால் நல்லது. நிறைய இருந்தால் ரொம்ப நல்லது. என் மண்டையில் இது ஆணி அடித்தமாதிரி உட்கார்ந்துவிட்டது.

இங்கே காசியம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் காமாலைக்குப் பச்சிலை கொடுப்பவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், ஆனால் படு கறார். கையில் ரத்த ரிப்போர்ட் இல்லாமல் வந்தவருக்கு இலையைக் கண்ணில்கூடக் காட்டமாட்டார். மருந்துக்கு முன்னால் ஒரு ரிப்போர்ட், ஏழு நாள் கழித்து ஒரு ரிப்போர்ட். அளவு இறங்கவில்லை என்றால், "இது நம்ம சரக்கு இல்ல, கீழ ஆஸ்பத்திரிக்குப் போ" என்று துரத்திவிடுவார். அந்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் என் லேபில் எடுப்பவை. எனக்கு ஆள் அனுப்பியதில் எந்த எம்.பி.பி.எஸ்.ஸும் காசியம்மாளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அப்படி அவர் துரத்திவிட்ட ஆட்களில் ஒருவர்தான் லட்சுமியம்மாள். கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி சின்னராசுவின் மனைவி, ஐம்பது வயது. காமாலை ஒரு மாதம் வரும், போகும், மறுபடி வரும். பச்சிலைக்கு மசியவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கல்லீரலிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்தார்கள். "ஒரு மாசம் கழிச்சி இந்த ரத்த டெஸ்ட்டெல்லாம் எடுத்துக்கினு வாங்க. நான் சொல்லாம மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்று டாக்டர் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. கண் வெளுத்தது. ஆனால் லட்சுமியக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

"பசிக்கிது பாய், பேய்ப் பசி. இட்லி துன்னு கை கழுவறதுக்குள்ள அடுத்த பசி. ஆலையில கரும்பு அரைக்கிற மாதிரி அரைச்சிக்கினே இருக்கேன்" என்றார், ஒரு மாதம் கழித்து அந்த டெஸ்ட்டுக்கு நான் ஊசி குத்தும்போது. "மூஞ்சி வேற உப்பிக்கினு போச்சி. பாக்கறவங்கள்லாம் சின்னராசு பொண்டாட்டியை மாத்திட்டாரான்னு கேக்கறாங்க."

"கேட்டா கேட்டுக்கினு போவட்டும். நான் எப்பவாச்சும் உன்னை எடை போட்டனா?" என்றார் சின்னராசு.

ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. காமாலை அளவு ஏறக்குறைய சரியாகிவிட்டிருந்தது. அதற்குக் கீழே ஆன்டிபாடி. பாசிட்டிவ், மூன்று பிளஸ், ஒன்றுக்கு அறுநூற்று நாற்பது. அதற்கும் கீழே இன்னொரு ஆன்டிபாடி, அதுவும் பாசிட்டிவ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொரோனா காலத்தில்கூட இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, கையைக் குடுங்க!" என்று சின்னராசுவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "அக்கா உடம்புல ஆன்டிபாடி கொட்டிக் கெடக்குது. ஒண்ணு இல்ல, ரெண்டு வகை. அறுநூத்தி நாப்பது! இனிமே ஒரு நோய் வாசப்படி மிதிக்காது."

"அப்ப மாத்திரை?" என்று கேட்டது லட்சுமியக்கா. குரலில் அப்படி ஒரு ஆசை.

இந்த இடத்தில் அல்லா என் நாக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம்.

"இவ்வளோ சக்தி இருக்கிற உடம்புக்கு மாத்திரை எதுக்குக்கா?" என்றேன்.

பாண்டிச்சேரிப் பயணம் ரத்தானது. மாத்திரை அரிசிப் பானைக்குள் போனது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது சின்னராசு போன் செய்தார். காசியம்மாள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் அம்மன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டு. காமாலை தெளிந்தால் செய்வதாக வேண்டுதலாம். "நீங்கதான் முக்கியம். நீங்க வந்தாதான் பூசை" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜெபீனாவிடம் மார்தட்டிக்கொண்டேன். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஆன்டிபாடி யாருக்கு எதிரா இருக்குதாம்?"

"யாருக்கு எதிரான்னா?"

"கொரோனாவுக்கு எதிரா இருந்தா கொரோனாவை அடிக்கும். இது யாரை அடிக்கிது? அந்தம்மாவுக்கு இருக்கிறது கல்லீரல் நோயி. அப்ப இவ்வளோ ஆன்டிபாடி யாரு மேல பாய்ஞ்சிக்கினு இருக்குதுன்னு கேக்கறேன்."

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். லேபுக்குப் போய்ச் சென்னைக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் சந்தியா எடுத்தார்.

"அது நம்ம சொந்த செல்லுக்குள்ள இருக்கிற உட்கருவுக்கு எதிரா வர்ற ஆன்டிபாடிங்க" என்றார். "கிருமியை அடிக்கிறதுக்காக இருக்கிற ஏற்பாடு, ஆள் தெரியாம சொந்த கல்லீரலையே அடிக்குது. அதுதான் அவங்க நோயே."

"அப்ப இந்த ஆன்டிபாடிதான் கல்லீரலைக் கெடுக்குதுங்களா மேடம்?"

"அப்படி நேரா சொல்ல முடியாது. நேர்ல அடிக்கிறது பெரும்பாலும் வேற வெள்ளையணுக்கள். ஆன்டிபாடி, தகராறு நடக்கிற எடத்துல கூட்டத்தோட நிக்கிற ஆளு மாதிரி. அவரைப் பார்த்தா உள்ள சண்டை நடக்குதுன்னு தெரிஞ்சிக்கலாம். சில நேரம் அந்த ஆன்டிபாடி, தான் பிடிச்ச பொருளோட ஒட்டிக்கிட்டு, கூட்டா ரத்தத்துல சுத்தும். எங்கயாவது போய்ப் படிஞ்சி, அங்கயும் வீக்கத்தைக் கிளப்பிவிடும். இந்த நோய்ல அதுக்கு எவ்வளவு பங்குன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

இது என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பெயருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்குப் படிப்பு வைத்திருக்கிற அம்மா, 'தெரியாது' என்பதைத் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லிவிட்டார்.

"அறுநூத்தி நாப்பதுன்னா மேடம்?"

"ரத்தத்துல அறுநூத்தி நாப்பது மடங்கு தண்ணி கலந்தாலும் அது தெரியுதுன்னு அர்த்தம். பரிட்சை மார்க் இல்லைங்க."

"ஒரு சந்தேகம். மாத்திரையைத் திடீர்னு நிறுத்திட்டா..."

"நிறுத்தவே கூடாது. அடங்கியிருக்கிற சண்டை மறுபடி கிளம்பும். முன்னைவிட மோசமாவும் வரலாம். கல்லீரல் தழும்பாகிச் சுருங்கிட்டா அப்புறம் பழையபடி ஆக்க முடியாது. யாராவது நிறுத்திட்டாங்களா? யார் சொல்லி நிறுத்தினாங்க?"

சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டவருக்குக் கீழே நின்றுகொண்டு.

அப்புறம் சின்னராசுவுக்குப் போட்டேன். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி முழுக்கப் போட்டேன். எல்லோரும் வெள்ளிக்கிழமையே மலையேறிவிட்டார்கள், அங்கே போன் எடுக்காது. கச்சிராயபாளையம் வீட்டுக்கு ஓடினேன், பூட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. லட்சுமியக்கா கை நீட்டிக்கொண்டு சிரித்த முகம் கண்ணிலேயே நின்றது. நல்ல மனுஷியை என் வாயாலேயே சாகடிக்கப் பார்த்தேனே என்று உண்மையாகவே அழுதேன்.

"அழுது இன்னா பண்றது?" என்றாள் ஜெபீனா. "எந்த வாயால குடுத்தீங்களோ அந்த வாயாலயே திருப்பி வாங்கிக்கினு வாங்க."

ஞாயிறு காலை கோமுகி அணையைத் தாண்டி பைக்கில் மலையேறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பேச்சு தயார் செய்தேன். 'சென்னையில ரிப்போர்ட் மாறிப்போச்சி' என்று ஒன்று. 'புதுசா ஆராய்ச்சி வந்திருக்குது' என்று இன்னொன்று. எல்லாவற்றிலும் நான் தப்பித்துக்கொண்டேன். ஆனால் எதைச் சொன்னாலும் அவர்கள் இனிமேலும் என் பேச்சையே நம்பிக்கொண்டிருப்பார்கள். போகப்போக எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

கோவில் திருப்பத்தில் பைக்கை நிறுத்தியே ஆக வேண்டியதாயிற்று. பன்னிரண்டடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் நான். ஊட்டியில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்ட வாட்ஸப் படம். 'எதிர்ப்புச் சக்தி 640 பெற்ற எங்கள் குலவிளக்கு லட்சுமியம்மாள் வாழ்க! கண்டறிந்த டாக்டர் சுபைர் பாய் அவர்களே, வருக வருக!' கீழே வரிசையாக மாமன், மச்சான், பங்காளிகளின் தபால்தலை அளவுப் படங்கள். கடைசிக் கட்டத்தில் கிடா. அந்தக் கூட்டத்திலேயே கவலை தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. இறங்குவதற்குள் சின்னராசு ஓடிவந்து தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். "கோவில் கிடா உங்களுக்கு ஆவாதுன்னு தெரியும் பாய். ஷேக் மைதீன் பாய் கடையில அறுத்த கோழி வாங்கியாந்துக்கிறேன். தனி சட்டி, தனி கரண்டி. சமைக்கிறவரும் பாய்தான்" என்றார். எனக்காக ஒரு கோழியை மலையேற்றிக் கொண்டுவந்த மனுஷன்.

"அண்ணே, ஒரு நிமிஷம் தனியா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய மச்சான் சின்னதுரை, மூங்கில்துறைப்பட்டு ஆலையில் வேலை பார்ப்பவர், முழுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றார்.

"எங்க அக்காவுக்கு மட்டும் அறுநூத்தி நாப்பதா? ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு ஒரு முன்னூறாச்சும் தேறாதா? குத்திப் பாருங்க."

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள்.

லட்சுமியக்கா வேப்பமரத்தடியில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உப்பல் இறங்கியிருந்தது. "பசியே இல்ல பாய், ரெண்டு நாளா சோத்தைக் கண்டாலே குமட்டுது. மாத்திரை உட்ட புண்ணியம்" என்று சிரித்தார். சிரித்தபோது கண்ணைப் பார்த்தேன். வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது.

அந்த நேரம் எதிர் வீட்டிலிருந்து காசியம்மாள் வந்தார். யாரையும் கேட்காமல், லட்சுமியக்காவின் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை நிறுத்தி எத்தினி நாளாச்சி?"

"மூணு வாரம் ஆவுது."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

சுற்றியிருந்த அத்தனை விரல்களும் பொன்னாடையைக் காட்டின. சின்னதுரை கூடுதலாக ஃபிளெக்ஸையும் காட்டினார்.

காசியம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, தானா எறங்குற காமாலையைத்தான் நான் எறக்கறேன். அது எனக்குத் தெரியும். எறங்காததை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். உனக்கு இன்னா தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

மலையில் தயாரித்த பேச்சுகளில் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. சின்னராசு என் கையில் மைக்கைத் திணித்து, "நீங்களே வெளக்கமா சொல்லுங்க டாக்டரு பாய்" என்றார். மைக் ஒரு முறை கீச்சென்று கத்தியது.

"நான் டாக்டரு இல்ல" என்றேன். ஒலிபெருக்கி அதை எதிர்மலைக்கு எடுத்துப்போய்த் திரும்பவும் கொண்டுவந்தது.

"தன்னடக்கம்!" என்றார் ஒரு பெரியவர். கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க! அந்த அறுநூத்தி நாப்பது நல்லது இல்ல. கிருமியை அடிக்க வேண்டிய ஆளுங்க, வூட்டு ஆளையே அடிச்சிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம்."

"எந்த வூட்டுலதான் அடிக்கலை?" என்றார் சின்னதுரை. கூட்டம் சிரித்தது.

"இந்த வூட்டுல அடி வாங்கறது லட்சுமியக்கா கல்லீரலு!" என்று கத்தினேன். "அடிக்கிறவனை அடக்கிவச்சிருந்தது அந்த மாத்திரை. அதை நிறுத்தச் சொன்னது நான். ரிப்போர்ட்டுல இன்னா போட்டிருந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமதான் சொன்னேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு சொன்னேன். என்னை மன்னிச்சிருங்கக்கா."

சிரிப்பு நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைச்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். சின்னராசு என் தோளில் இருந்த பொன்னாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேசியது லட்சுமியக்காதான். "அப்ப இத்தினி நாளு என்னை நானே அடிச்சிக்கினு இருந்தனா?"

"ஆமாங்கக்கா."

"இது தெரியாம, காமாலை வந்ததுக்குக் காரணம் இந்த ஆளு வாங்கியாந்த மீனுதான்னு ரெண்டு மாசமா இவரைத் திட்டிக்கினு இருந்தேனே" என்று மாலையைக் கழற்றினார். சின்னராசு, நல்லாக் கேளுங்கள் என்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாத்திரை அரிசிப் பானையிலதான் கீது. போன ஒடனே ரெண்டா முழுங்கிடட்டுமா?"

பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழைய பழக்கம். அதைக் கடித்து நிறுத்தினேன். "எனக்குத் தெரியாதுக்கா. பாண்டிச்சேரி டாக்டரைத்தான் கேக்கணும். இப்பவே கெளம்பணும்."

வேண்டுதல் என்ன ஆவது என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். "தெளிஞ்சாதானே வெட்டறதா வேண்டிக்கினேன்? இன்னும் தெளியலையே. அவுத்து உடுங்க" என்றார் லட்சுமியக்கா. பைக்கைக் காசியம்மாள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, அவர்கள் வந்த வேனிலேயே எல்லோரும் ஏறினோம். கோழிப் பிரியாணிச் சட்டி என் மடியில். கிடா என் காலடியில். கச்சிராயபாளையத்தில் அதை இறக்கிவிட்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனோம். அங்கே டாக்டர், யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நானே கையைத் தூக்கினேன். கால் மணி நேரம் திட்டினார். பாதி ஆங்கிலத்தில் திட்டியதால் கொஞ்சம் மிச்சமானது. பத்து நாள் அங்கேயே படுக்க வைத்து மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. சான்றிதழைக் கண்ணுக்கு நேராக இறக்கி மாட்டிவிட்டேன். ஃபிளெக்ஸைச் சின்னராசு கரும்புக் கொல்லையில் கட்டியிருக்கிறார். காட்டுப்பன்றி அந்தப் பக்கமே வருவதில்லையாம். "உங்க மூஞ்சிக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி பாய்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக்கூட உரிமை இல்லாதவரா அவர்?

போன வாரம் இருவரும் புது ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். அச்சடிக்கும்போதே பார்த்துவிட்டேன். கல்லீரல் அளவுகள் எல்லாம் கோட்டுக்குள். ஆன்டிபாடி மட்டும் பாதியாகி, இன்னும் நின்றுகொண்டிருந்தது. எதிரில் லட்சுமியக்காவின் கண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது.

"இன்னா பாய் போட்டுக்கிது?" என்றார் சின்னராசு. "கிடா கன்னுக்குட்டி கணக்கா வளந்துக்கினு போவுது. தெளிஞ்சிதுன்னா வெட்டிடலாம். தெளிஞ்சிதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

காகிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். "எனக்குத் தெரியாதுண்ணே. டாக்டரைக் கேளுங்க."

"கையில வச்சிக்கினு தெரியாதுன்றாரே!" என்று சின்னராசு தலையில் அடித்துக்கொண்டார்.

லட்சுமியக்கா உறையை வாங்கிப் பைக்குள் வைத்தார். "சும்மா இரு. இப்பத்தான் டாக்டரு மாதிரி பேசறாரு" என்று சொல்லிவிட்டு, பாண்டிச்சேரி பஸ் பிடிக்க அவரை இழுத்துக்கொண்டு போனார்.